ஒரே ஏரிதான், ஒரு கரையில் தட்டான், மறுகரையில் சிவப்புப் புழு: ஏன்?

ஏரிக்கரை வாசி:
தாம்பரம் பக்கம் எங்கள் ஏரி பல இடங்களில் இடுப்பளவு ஆழம்தான். சம்பு என்னும் உயரமான நீர்ப்புல் வளர்ந்த கரையில் கைவலையை விட்டால் தட்டான் புழுக்கள், முதுகு நிறைய முட்டை ஒட்டிய தட்டைப் பூச்சி எல்லாம் வருகின்றன. கால்வாய் வந்து சேரும் பக்கம் அதே வலையில் கறுப்புச் சேறும் சிவப்புப் புழுவும் மட்டும்தான். தண்ணீர் ஒன்றுதானே, நடுவில் கரைகூடக் கிடையாது. இருக்கிற தட்டானும் போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது.

சேற்றுக்கால்:
ஆக்சிஜன்தான் தம்பி. கால்வாயில் வரும் கழிவு மட்கும்போது அடிச்சேற்றில் அது தீர்ந்துவிடும். கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் பிளட் வார்ம் என்று விற்பது இந்தச் சிவப்புப் புழு இனம்தான், கடிக்காத ஒருவகைக் கொசுவின் புழு. உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு, அதனால்தான் அங்கேயும் தாங்குகிறது. ஊசித்தட்டான் புழுவுக்கு வால் நுனியில் இலை மாதிரி மூன்று செவுள்கள் உண்டு, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைத்தான் நம்பியிருக்கிறது. நீர்வண்டு மேலே வந்து காற்றைப் பிடித்து இறக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு இறங்கிவிடும், ஆகவே வண்டு இருக்கிறதே என்று தண்ணீர் நன்றாக இருப்பதாக முடிவு கட்டிவிடாதீர்கள். முட்டை சுமப்பது ஆண் பூச்சி, பார்த்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுங்கள்.

வேலம்பாசி:
ஆக்சிஜன் சரி, ஆனால் செடியை விட்டுவிட்டீர்களே அண்ணா. ஊசித்தட்டான் தண்டைக் கீறி உள்ளேதான் முட்டை வைக்கும். செடி இல்லாத வெட்டவெளியில் புழு இருந்தாலும் மீன் தின்றுவிடும், ஜிலேபி மீன் நிறைந்த ஏரி என்றால் கேட்கவே வேண்டாம். அதற்காக எந்தச் செடியும் நல்லது என்று இல்லை, ஆகாயத்தாமரை முழுக்க மூடினால் வெளிச்சம் உள்ளே போகாது, அடியில் மூச்சு முட்டும். ஏரியைச் சீரமைக்கிறோம் என்று கரையோரச் சம்பையும் கோரையையும் மொத்தமாக வழித்துக் கல் பதிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மழைமானி:
எந்த நேரத்தில் பார்க்கிறீர்கள்? மதியம் பாசி ஒளிச்சேர்க்கை செய்வதால் ஆக்சிஜன் ஏறிவிடும், விடிவதற்குச் சற்று முன்தான் மிகக் குறைவு, அந்த நேரத்தைத் தாண்டிப் பிழைப்பதுதான் அங்கே மிஞ்சும். மாதமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் புதிதாகத் தேங்கும், மீன் வராத குட்டைகளில் சில தட்டான்கள் இரண்டு மாதத்துக்குள் வளர்ந்து பறந்துவிடும். மே மாதச் சூட்டில் தண்ணீரில் ஆக்சிஜனே குறைவாகத்தான் கரையும். கால்வாய்ப் பக்கம் சோப்பு நுரை மிதக்கிறதா என்றும் பாருங்கள். நுரை சேர்ந்தால் நீர்ப்பரப்பின் இழுவிசை குறையும், மேலே நடக்கும் பூச்சி நிற்க முடியாது.

ஏரிக்கரை வாசி:
நுரை இருக்கிறது, காலையில் அதிகம். இந்த ஞாயிறு விடியற்காலை இரண்டு கரையிலும் வலை விட்டுப் படம் போடுகிறேன். சம்பை வெட்டப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது, அதற்குள் ஒரு பட்டியல் கையில் வேண்டும்.