பொருள்: மறுமொழி: "பன்முனைக் கட்டுப்படுத்தி" என்னும் சொல்லுக்கு மாற்று

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய வீடியோ கேம் பெட்டிகள் பலவற்றிலும் செருகி ஆடத்தக்க ஒரே கைக்கருவியைக் கோத்தகிரியில் நாங்கள் சிலர் செய்துவருகிறோம். சில்வர் ஓக் பலகையில் உடல், உள்ளே ஒரு நுண்கட்டுப்படுத்தி (மைக்ரோகன்ட்ரோலர்), மேலே எட்டு விசைகள் (பொத்தான்கள்). அதற்கான தமிழ்க் கையேட்டை எழுத உட்கார்ந்தபோது பெயரில்தான் முதலில் இடறினோம். சென்ற மடலில் குன்னூர் நண்பர் இதற்கு முன்வைத்த "பன்முனைக் கட்டுப்படுத்தி" என்னும் தொடரின் இரு பகுதிகளிலும் எனக்கு உடன்பாடில்லை.

"கட்டுப்படுத்தி" என்பதை ஏற்றால், "கட்டுப்படுத்தியின் தரை ஒயரை நுண்கட்டுப்படுத்தியின் தரைப் பின்னோடு இணைக்கவும்" என்று எழுத வேண்டியிருக்கிறது (தரை என்பது கிரவுண்ட்; பின் என்பது சிறு உலோக ஊசி). எழுதிய நானே மறுநாள் படித்துக் குழம்பினேன். மேலும், இக்கருவி எதையும் கட்டுப்படுத்துவதில்லை. 1983இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டியின் கைக்கருவிக்குள் இருப்பது 4021 என்னும் ஒரு சிப் மட்டுமே. பெட்டி ஒரு துடிப்பை அனுப்பியதும், அந்தக் கணத்தில் எட்டு விசைகளும் இருந்த நிலையை அது பற்றி வைத்துக்கொண்டு, பின்வரும் துடிப்புகளுக்கு ஏற்ப ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம் என்ற மாறாத வரிசையில் ஒற்றை ஒயர் வழியாக ஒப்பிக்கிறது. கேட்டால் சொல்லும், கேளாவிட்டால் வாய் திறவாது. ஆகவே, கையில் பிடித்து ஆடும் பொருள் என்ற அளவில் "ஆட்டப்பிடி" போதும் என்பது என் கருத்து.

"பன்முனை" என்பதுதான் உண்மையில் தவறான வழி காட்டுகிறது. பல பெட்டிகளில் இயங்குவதற்குப் பல செருகுமுனைகள் வேண்டும் என்றே நானும் தொடக்கத்தில் எண்ணினேன். 1977இன் ஆட்டாரி 2600, 1988இன் சேகா மெகா டிரைவ், தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் விற்ற ஃபேமிகாம் நகல்களில் பல ஆகிய மூன்றிலும் இருப்பது ஒரே வடிவமுள்ள 9 பின் முனை. ஆயினும் ஆட்டாரியில் விசைக்கு ஓர் ஒயர் வீதம் நேராகத் தரையோடு சேர்கிறது. மெகா டிரைவில் எட்டு விசைகளின் நிலையும் ஆறே ஒயர்களில் வருகிறது; பெட்டி ஒரு தேர்வு ஒயரின் மின்னழுத்தத்தை உயர்த்தினால் பி, சி விசைகளின் நிலையும், தாழ்த்தினால் ஏ, ஸ்டார்ட் விசைகளின் நிலையும் கிடைக்கும். நகல் பெட்டியோ, மேலே சொன்னவாறு வரிசையாக ஒப்பிக்கச் சொல்கிறது. மின்சாரம்கூட ஒரே இடத்தில் இல்லை. 5 வோல்ட் ஆட்டாரியில் 7ஆம் பின்னிலும் மெகா டிரைவில் 5ஆம் பின்னிலும் வருகிறது. மெகா டிரைவுக்குரிய பிடியை நகல் பெட்டியில் செருகி, ஒரு விசையும் வேலை செய்யாததைக் கண்டு, மழைக்காலத்து ஈரத்தில் பின்களில் பச்சை பூத்துவிட்டதென்று அரைநாள் சுரண்டிய அனுபவம் எனக்கு உண்டு.

மறுதலையும் உண்டு. நின்டெண்டோவின் என்.இ.எஸ்., சூப்பர் என்.இ.எஸ். ஆகிய இரண்டுக்கும் செருகுமுனையின் வடிவம் வேறு, ஆனால் பேசும் முறை ஒன்றே. முன்னது 8 துண்டுகளை (பிட்) கேட்கிறது, பின்னது 16ஐக் கேட்கிறது, அவ்வளவுதான். 1996இல் வந்த நின்டெண்டோ 64க்கு மட்டும் தனிப் பழக்கம். அங்குச் செய்திக்கென இருப்பது ஒரே ஒயர், 3.3 வோல்ட், ஒவ்வொரு துண்டுக்கும் 4 மைக்ரோநொடி, அதில் 1 மைக்ரோநொடி தாழ்ந்திருந்தால் ஒன்று, 3 மைக்ரோநொடி தாழ்ந்திருந்தால் சுழியம். எனவே பன்மை என்பது முனையில் இல்லை, பேசும் நெறிமுறையில் (புரோட்டோகால்) இருக்கிறது. நெறிமுறை என்ற சொல் முன்பே வழக்கில் உள்ளதால், "பன்னெறி ஆட்டப்பிடி" என்று முன்மொழிகிறேன். பல் என்பதோடு நெறி புணர்ந்தால் பன்னெறி ஆவதில் இலக்கணத் தடையும் இல்லை.

இன்னொன்று. பெட்டி விசைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பதைப் பெரும்பாலான ஆட்டங்கள் திரைச்சட்டத்துக்கு (ஃபிரேம்) ஒருமுறை, அதாவது நொடிக்கு 50 அல்லது 60 முறை செய்கின்றன. ஆங்கிலத்தில் போலிங் எனப்படும் இதனை "வாக்கெடுப்பு" என்று ஒரு நண்பர் மொழிபெயர்த்திருந்தார். தேர்தல்தான் நினைவுக்கு வருகிறது. எங்கள் தேயிலைத் தோட்டங்களில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் "பெரட்டு" என்பார்கள். வரிசை மாறாமல், இருக்கிறாயா இல்லையா என்று மட்டும் கேட்கும் அந்தச் சொல் இங்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. "விசைப் பெரட்டு" எனலாமா?

கோத்தகிரியிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

பன்னெறி எனக்கு ஏற்புடையதே. முதுமலைக்கு அருகில் இருக்கும் எங்களுக்குப் பிடி என்றதும் பெண் யானைதான் முதலில் கண்முன் வருகிறது என்றாலும், கைப்பிடி, கத்திப்பிடி இருக்கும்போது ஆட்டப்பிடியும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பெரட்டை மட்டும் ஏற்க முடியவில்லை. அது பரேட் என்பதன் மரூஉ என்று சொல்வார்கள், எனவே தூய தமிழ் என்ற வாதம் அதற்கு உதவாது. சமவெளியில் படிப்பவருக்கு விளங்கவும் விளங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இங்குத் தோட்டத்தில் பேர் கொடுத்த என் பாட்டிக்கு அந்தச் சொல், பிந்தி வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்ற அச்சத்தோடு சேர்ந்த சொல். அதை விளையாட்டுக் கருவிக்கு வைப்பது எனக்கு உவப்பாயில்லை.

கூடலூரிலிருந்து

*

அம்மா, வணக்கம்.

மரூஉ என்பதைத் தடையாக நான் கருதவில்லை. பெட்டிக்குள் செருகும் அட்டையைக் கேசட் என்றுதானே நாம் எல்லோரும் வளர்ந்தோம். ஆனால் தங்கள் பாட்டியைப் பற்றிய வரிக்கு என்னிடம் மறுப்பு இல்லை. சொற்பட்டியலில் "விசை வினவல்" என்றே இடுகிறேன். விளக்கப் பகுதியில், தோட்டத்துப் பெரட்டைப் போல வரிசையாகக் கேட்கும் என்று ஓர் உவமையாக மட்டும் எழுதலாமா என்பதைத் தாங்கள் சொன்னபடியே செய்கிறேன். 4021 விசைநிலையைப் பற்றி வைக்கும் அந்தக் கணத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. "நாதாங்கி" என்று பென்சிலால் குறித்திருக்கிறேன். மாற்று இருந்தால் எழுதுங்கள்.

கோத்தகிரியிலிருந்து