வக்கீல் உங்க அக்ரிமென்ட்ல எந்த வரியில பேனாவை வச்சார்? பெங்களூரு சின்ன தொழில்காரங்க சொல்லுங்க

பீன்யா விஎம்சி
ஜாப் ஒர்க் யூனிட். புது பார்ட்டியோட சப்ளை அக்ரிமென்ட், 11 பக்கம். ரேட் போட்ட பக்கத்தை வக்கீல் திரும்பிக்கூட பாக்கல. "பொருள் ஏற்கப்பட்ட தேதியிலிருந்து 90 நாளில் பணம்"ங்கற வரியில பேனாவை வச்சு, "ஏத்துக்கிட்டோம்னு யாரு, என்னைக்கு எழுதித் தருவாங்க?"னு கேட்டார். 11 பக்கத்துல எங்கயும் அதுக்குப் பதில் இல்ல. அவங்க க்யூசி (தரம் பாக்கற) ஆள் கையெழுத்து போடற வரைக்கும் அந்த 90 நாள் ஓடவே ஆரம்பிக்காது. "சரக்கு இறங்கின 7 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும்"னு ஒரே வரி சேர்த்தார். பார்ட்டி 10 நாள்னு மாத்தி ஒத்துக்கிட்டாங்க. அந்தக் கேள்விதான் இன்னும் மண்டைக்குள்ள ஓடுது.

கேஜிஎஃப் ரிட்டர்ன்
பீன்யா அண்ணே, அந்த 90 நாளை ஏன் விட்டுட்டாரு உங்க வக்கீல்? உத்யம் பதிவு (சின்ன தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கற குறு, சிறு யூனிட்டுக்கு 2006 எம்எஸ்எம்இடி சட்டம், அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், பிரிவு 15 படி 45 நாளுக்கு மேல எழுதினா அது செல்லாது. எழுத்துல எதுவுமே இல்லன்னா 15 நாள்தான். ஏற்பு எப்போங்கறதையும் அந்தச் சட்டமே சொல்லுது: டெலிவரி ஆன 15 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபணை வரலன்னா, டெலிவரி ஆன நாளே ஏற்ற நாள். அதனால டெலிவரி சலான்ல சீல் மட்டும் போதாது, தேதியும் வாங்குங்க. கேட்ல இருக்கற செக்யூரிட்டி சீலைக் குத்திட்டு தேதியை விட்டுடுவான், பின்னாடி அத்தனை சண்டையும் அங்கதான்.

தாமதமானா வட்டி, ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 6 சதவீதம்னா 18. பணம் வரலன்னா அரசாங்கத்தோட எம்எஸ்எம்இ ஆன்லைன் போர்ட்டல்ல புகார் போடலாம். வாங்கறவர் இந்தியாவுல எந்த மூலையில இருந்தாலும், விக்கறவர் இருக்கற இடத்து கவுன்சிலே (இந்தப் பாக்கித் தகராறுக்காக மாநில அரசு அமைக்கற குழு) விசாரிக்கலாம். குருகிராம் பார்ட்டி மேல இங்கேயே போடலாம்னு அர்த்தம். கவுன்சில் உத்தரவை எதிர்த்து அவங்க கோர்ட்டுக்குப் போகணும்னா முதல்ல 75 சதவீதத் தொகையைக் கட்டணும். 90 நாளுக்குள்ள முடிக்கணும்னு சட்டத்துல எழுதியிருக்கு, ஆனா அதை நம்பி வீட்டு இஎம்ஐ போட்டுடாதீங்க.

அல்சூர் ஹார்ட்வேர்
எல்லாருக்கும் 45 நாள்னு அள்ளி விடாதீங்க சார். வாங்கி விக்கற கடைக்காரருக்கு உத்யம் கிடைக்கும், ஆனா அது பேங்க்ல முன்னுரிமைக் கடன் வாங்க மட்டும்தான். தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு டிரேடருக்குக் கிடையாது. சரக்கு போன பிறகு அவசரமா பதிவு பண்ணாலும் பழைய பில்லுக்கு உதவாதுன்னு 2021ல ஒரு தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. எங்க மாதிரி ஆளுக்கு அக்ரிமென்ட்ல இருக்கற வரிதான் கதி. வட்டி எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, ரெண்டையும் எழுதி வாங்கணும்.

உத்யம் பதிவுக்கு அரசாங்கம் ஒரு ரூபாய்கூட வாங்கறதில்ல. கூகுள்ல மேல வர்ற சைட்டுங்க பல பீஸ் கேட்கும், அதெல்லாம் ஏஜென்ட்.

சிவாஜிநகர் ஆஃப்செட்
பேக்கேஜிங் ஆர்டர். பிஓ (பர்சேஸ் ஆர்டர்) முன்பக்கம் அளவு, பேப்பர் ஜிஎஸ்எம், ரேட் எல்லாம் சுத்தமா இருந்துச்சு. பின்பக்கம் சாம்பல் கலர்ல எறும்பு எழுத்து. பேக்கேஜிங் ப்ரூஃப் பாக்கற பூதக்கண்ணாடியை வச்சுத்தான் படிக்க முடிஞ்சுது. தகராறு வந்தா வாங்கும் கம்பெனியோட எம்டியே ஆர்பிட்ரேட்டர் (கோர்ட்டுக்கு வெளியே தீர்ப்பு சொல்ற நடுவர்), சீட், அதாவது அந்த விசாரணைக்குச் சட்டப்படியான ஊர், டெல்லி!

வக்கீல் சிரிச்சுட்டு சொன்னது: எம்டி தானே உக்காரவும் முடியாது, தனியா ஒரு ஆளை நியமிக்கவும் முடியாது, 2019லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனா டெல்லியை விட்டுடாதீங்க, சீட் எங்கேயோ அந்த ஊர் கோர்ட்டுக்குத்தான் எல்லாம் போகும். சின்னத் தொகைக்கு ஆர்பிட்ரேஷனே வேண்டாம், ஆர்பிட்ரேட்டர் பீஸே முழுங்கிடும். அந்தக் க்ளாஸை அடிச்சுட்டு "பெங்களூரு நீதிமன்றங்கள் மட்டும்"னு போட்டு அனுப்பினோம். மறுபேச்சு இல்லாம கையெழுத்தாகி வந்துச்சு.

பொம்மசந்திரா மோல்டிங்
பில் பாக்கி இருக்கும்போதே பார்ட்டி வேன் அவங்க டையை (பீஸ் அடிக்கற அச்சு) எடுக்க வந்து நின்னுச்சு. சூப்பர்வைசர் கேட்டைத் திறக்கல. ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170: உழைப்பு போட்ட பொருளைக் கூலி வரும் வரை பிடிச்சு வைக்கலாம். வக்கீலுக்கு போன் போட்டா அவர் அக்ரிமென்ட்டைத்தான் கேட்டார். பதினாலாவது க்ளாஸ்ல "எந்த நிலையிலும் பிடித்து வைக்கும் உரிமை இல்லை"னு இருந்துச்சு. கேட் திறந்துச்சு.

கேஜிஎஃப் ரிட்டர்ன்
மோல்டிங் சார், அந்தக் க்ளாஸ் இல்லாட்டியும் டையைப் பிடிக்க முடியாது. 170 எந்தப் பொருள்மேல வேலை செஞ்சீங்களோ அதுக்குத்தான். அவங்க ரெசினை அடிச்சு பீஸ் ஆக்கினா பீஸை வச்சுக்கலாம். டை அவங்களோடது, நீங்க அதை ஓட்டினீங்க, அவ்வளவுதான். டையையே ரிப்பேர் பண்ணி அந்தப் பில் நின்னா அப்ப வேற. அந்த 14வது க்ளாஸை அடிக்கச் சொல்லறதைவிட "பாக்கி முழுதும் தீர்ந்த பிறகே டை திருப்பித் தரப்படும்"னு நேரா எழுதி வாங்கறதுதான் வழி.

ராஜாஜிநகர் ஆடிட்டர் ஆபீஸ்
கேட்காம சொல்றேன், மன்னிக்கணும். வக்கீல்கிட்ட போறப்ப அக்ரிமென்ட் மட்டும் போதாது. கொட்டேஷன், பிஓ, ரேட் பேசின வாட்ஸ்அப், மெயில் எல்லாம் தேதிவாரியா எடுத்துட்டுப் போங்க. ரெண்டு பேப்பர்ல ரெண்டு விதமா இருந்தா எது செல்லும்னு அக்ரிமென்ட்லயே ஒரு வரி இருக்கணும், அதைத்தான் முதல்ல கேளுங்க. பீஸை மணிக்கணக்குல பேசாம, "ஒரு முறை படிச்சு, டிராக் சேஞ்சஸ்ல (மாத்தினது தெரியற மாதிரி) திருத்தி, ஒரு சுற்றுப் பேச்சு வரைக்கும்"னு மொத்தமாப் பேசுங்க. பணம் வந்தா இத்தனை சதவீதம்னு வக்கீல் கேட்டா பின்வாங்கிடுங்க, பார் கவுன்சில் விதியே அதைத் தடுக்குது.

ஸ்டாம்ப் பேப்பரை யாரும் சொல்லல. முத்திரைத்தீர்வை குறைஞ்ச அக்ரிமென்ட்டை கர்நாடகக் கோர்ட்ல சாட்சியமா வைக்கணும்னா குறைஞ்ச தொகையோட பத்து மடங்கு அபராதமும் கட்டணும். கையெழுத்துக்கு முன்னாடி இ-ஸ்டாம்ப் வாங்குங்க. "ரெண்டு பார்ட்டி பேரும் சரியா இருக்கா?"ன்னு பாருங்க. பிரைவேட் லிமிடெட்னு இருக்க வேண்டிய இடத்துல டைரக்டர் பேர்ல வாங்கிட்டு வர்றவங்க இன்னும் இருக்காங்க.

பீன்யா விஎம்சி
ஆடிட்டர் சார், வாட்ஸ்அப்ல பேசினது செல்லுமா? ரேட்டை ஏத்தினதுக்கு அங்க ஒரு தம்ஸ் அப்தான் இருக்கு.

ராஜாஜிநகர் ஆடிட்டர் ஆபீஸ்
மெயில்ல போட்டு "ஓகே"னு பதில் வாங்குங்க அண்ணே. இன்னைக்கே.