நன்றாக உடுத்த ஆசை, ஆனால் வகுப்பில் தனியாகத் தெரியவும் கூடாது: என்ன செய்யலாம்?

நீலச்சட்டை கேட்கிறார்:

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எனக்குத் துணிமணி மேல் உண்மையிலேயே ஆசை உண்டு. யாரையும் மயக்குவதற்காக இல்லை. ஒரு காலர் ஒழுங்காக நிற்பது, பேன்ட் ஷூவின் மேல் சரியான இடத்தில் வந்து முடிவது, இதையெல்லாம் பார்த்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும்.

என் வகுப்பில் எழுதாத சீருடை ஒன்று இருக்கிறது. படம் அச்சிட்ட டி-ஷர்ட், ஜீன்ஸ் அல்லது ட்ராக் பேன்ட், ஓட்டத்துக்கான ஷூ, குளிர்ந்தால் ஒரு ஹூடி. போன மாதம் வெள்ளை முழுக்கைச் சட்டையை இன் செய்து, பெல்ட் கட்டி, பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவோடு போனேன். அன்று முழுக்க "என்னடா, இன்டர்வியூவா?" என்றுதான் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் நல்ல நண்பர்கள், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனாலும் மறுநாளிலிருந்து பழையபடி ஹூடிதான் போட்டுக்கொண்டு போகிறேன்.

எனக்கு நண்பர்களை விட்டு விலகித் தெரிய வேண்டாம். அதற்காக ஆசையை மூட்டை கட்டி வைக்கவும் மனம் வரவில்லை. இதற்கு நடுவில் ஏதாவது வழி இருக்கிறதா? கையில் காசு குறைவு, அதனால் எதை முதலில் வாங்கலாம் என்றும் சொல்லுங்கள். ஆள் ஒல்லி, தோள் சின்னது, கை நீளம். ரெடிமேடில் தோள் சரியாக இருந்தால் கை எட்டாது, கை எட்டினால் தோள் தொங்குகிறது.

---

ஊசிநூல்:

தம்பி, நான் படிப்பை முடித்துவிட்டு ஆல்டரேஷன் கடையில் வேலை செய்கிறேன். உங்கள் வயதுப் பையன்கள் கொண்டுவரும் துணிகளைத்தான் நாள் முழுக்கப் பிரித்துத் தைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அன்றைக்கு நீங்கள் ஒரே சமயத்தில் நாலு விஷயத்தை மாற்றியிருக்கிறீர்கள்: சட்டை, இன், பெல்ட், ஷூ. ஒவ்வொன்றும் ஒரு படி அலுவலகப் பக்கம் போகும். நாலும் சேர்ந்தால் பார்க்கிறவர்களுக்கு இன்டர்வியூதானே ஞாபகம் வரும்? அதே சட்டையை ஜீன்ஸுக்கு மேலே வெளியே விட்டு, கையை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை மடித்துவிட்டு, எப்போதும் போடுகிற ஷூவோடு போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். மற்றதெல்லாம் நண்பர்கள் போடுவது போலவே இருக்கட்டும்.

சட்டையிலும் ரகம் இருக்கிறது. வழவழப்பான மெல்லிய பாப்ளின் துணி, விறைப்பான காலர், தூய வெள்ளை என்று சேர்ந்தால் கோட்டுக்கு உள்ளே போடுகிற சட்டை. நீங்கள் ஆக்ஸ்ஃபோர்டு துணியில் தைத்த சட்டையாகத் தேடுங்கள். நெசவு தடிமனாகக் கண்ணுக்கே தெரியும், காலர் நுனியில் இரண்டு சின்ன பட்டன் இருக்கும். அந்தக் காலர் வந்ததே விளையாட்டிலிருந்துதான். இங்கிலாந்தில் குதிரை மேல் போலோ ஆடியவர்கள் காலர் முகத்தில் அடிக்காமல் இருக்க அதைச் சட்டையோடு பிணைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்துத்தான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சட்டையைக் கொண்டுவந்தோம் என்று அமெரிக்காவின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் சொல்கிறது. சீனோ என்கிற பருத்தி பேன்ட் ராணுவத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள், 1944இல் வந்த சட்டத்தின்படி அரசுச் செலவில் கல்லூரியில் சேர்ந்தபோது அந்தக் காக்கி பேன்ட்டோடேயே வகுப்புக்கு வந்தார்கள். ஜீன்ஸ் தொழிலாளிகளின் உடை. பாக்கெட் கிழியாமல் இருக்க மூலையில் செம்பு ஆணி அடிக்கும் முறைக்கு 1873இல் ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் காப்புரிமை வாங்கினார்கள். டி-ஷர்ட் கடற்படைக்காரர்கள் சீருடைக்குள் போட்ட உள்சட்டை. இவையெல்லாம் உழைக்கவும் ஓடவும் தைத்த துணிகள், அதனால்தான் ஒன்றோடொன்று சண்டை போடாமல் சேர்கின்றன. உங்கள் கறுப்பு ஷூவும் பாப்ளின் சட்டையும் வேறு குடும்பம்.

இனி அளவு. சட்டையில் தோள்பட்டைத் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். அது கீழே வழிந்தால் எவ்வளவு நல்ல துணியும் இரவல் வாங்கியது போல இருக்கும். தோளை வெட்டித் தைப்பது பெரிய வேலை. கையையும் காலரையும் பிரித்துத் திரும்பப் பூட்ட வேண்டும், பல சமயம் புதுச் சட்டை வாங்குவதே மலிவு. அதனால் எப்போதும் தோளுக்குச் சரியானதை வாங்குங்கள். கை எட்டாது என்கிறீர்கள், அதை நீட்டவும் முடியாது, கஃப்புக்கு (மணிக்கட்டுப் பட்டிக்கு) உள்ளே துணி இருக்காது. இதற்கு இரண்டு வழி. ஒன்று, கையை மடித்தே போடுவது. நீளக் கைக்காரர்களுக்கு அது ரொம்ப நன்றாகவே இருக்கும். இன்னொன்று, துணி எடுத்து அளவு கொடுத்துத் தைப்பது. உங்கள் உடம்புக்கு இரண்டாவதுதான் சரி என்பேன், காசு சேர்ந்த பிறகு செய்யுங்கள்.

ஒல்லியாக இருப்பவர்கள் எல்லோரும் என்னிடம் வந்து "டைட்டா பிடிச்சுக் குடுங்க" என்கிறார்கள். வேண்டாம். ஒட்டிப் பிடித்தால் ஒல்லி இன்னும் ஒல்லியாகத்தான் தெரியும். பட்டன் போட்டு நின்றால் பட்டனைச் சுற்றிப் பெருக்கல் குறி மாதிரி சுருக்கம் விழக் கூடாது. பக்கவாட்டில் துணியை விரல்களால் கிள்ளினால் இரண்டு பக்கமும் ஓரங்குலம், ஒன்றரை அங்குலம் வர வேண்டும். அதற்கு மேல் வந்தால் மட்டும் பிடித்துத் தையுங்கள்.

சட்டையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். வளைவாக, முன்னும் பின்னும் வால் நீண்டிருந்தால் அது இன் செய்வதற்கான சட்டை. அதை வெளியே விட்டால் கொஞ்சம் தொளதொளவென்று தெரியும். வெளியே விடுகிற சட்டை நேராக வெட்டி, பேன்ட்டின் பின்பாக்கெட்டைப் பாதி மறைக்கிற நீளத்தில் இருக்க வேண்டும். வளைந்த அடியை வெட்டி நேராக்குவது சின்ன வேலைதான், எந்தத் தையல் கடையிலும் செய்து கொடுப்பார்கள்.

நிறத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கருநீலம், சாம்பல், வெள்ளை, ஆலிவ் பச்சை, இந்த நாலுக்குள் எதை எதோடு போட்டாலும் ஒத்துப்போகும். படம் போட்ட டி-ஷர்ட்டுக்குப் பதில் வெறும் டி-ஷர்ட் போடுங்கள். 180, 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) துணியாக இருந்தால் உடம்பில் ஒட்டாமல் விழும், கழுத்துப்பட்டி சீக்கிரம் தளராது. இதில் ஆரம்பித்தால் நண்பர்களுக்கு நீங்கள் எதையாவது மாற்றினீர்களா என்றே தெரியாது, ஆனால் பார்க்க நன்றாக இருப்பீர்கள்.

முதலில் எதை வாங்குவது என்று கேட்டீர்கள். எதையும் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் ஜீன்ஸை எடுத்துக்கொண்டு போய் நீளத்தைச் சரிசெய்யுங்கள். பேன்ட் கணுக்காலில் மூன்று நாலு மடிப்பாகக் குவிந்து கிடப்பதை விட ஆளைக் குட்டையாகவும் அசட்டையாகவும் காட்டுவது வேறெதுவும் இல்லை. இருப்பதிலேயே மலிவான தையலும் அதுதான்.

---

அரைத்தூக்கம்:

உடையைப் பற்றி ஊசிநூல் சொல்லிவிட்டார். நான் உளவியல் மாணவன், கேலி விஷயத்துக்கு மட்டும் வருகிறேன்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவரோடு இருந்தவர்களும் ஒரு சோதனை செய்து 2000இல் வெளியிட்டார்கள். பாரி மனிலோ என்ற பாடகரின் முகம் பெரிதாக அச்சிட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவரைப் போடச் சொல்லி, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அந்த வயதினர் வெளியே போட்டுப்போகக் கூச்சப்படுகிற டி-ஷர்ட் அது. எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று அப்புறம் கேட்டால், போட்டவர்கள் கிட்டத்தட்ட பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் அந்த முகத்தைச் சொல்ல முடிந்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

நீங்கள் நினைக்கிற அளவுக்கு உங்களை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. உங்கள் நண்பர்கள் கவனித்ததும் வெள்ளைச் சட்டையை அல்ல என்று நினைக்கிறேன். நேற்று ஹூடி, இன்று பெல்ட் என்ற வித்தியாசத்தைத்தான் கவனித்திருப்பார்கள். அதையே அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போட்டால் "இவன் இப்படித்தான்" என்று ஆகிவிடும். மறுநாளே ஹூடிக்குத் திரும்பியதால், அந்தச் சட்டை அவர்கள் மனதில் ஒரு விசேஷ நாள் உடையாகவே தங்கிவிட்டது. கேட்டால் "சும்மா, பிடிச்சிருந்தது" என்று ஒரு வரி சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால்தான் கேலி வளரும்.

---

பட்டறை வாசல்:

இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு. ஆய்வகமும் பட்டறையும் இருக்கிற மாணவர்களுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் ஸ்டைல் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

வெல்டிங், பன்சன் அடுப்பு இருக்கிற நாளில் பாலியஸ்டர் போடாதீர்கள். பருத்தி தீப்பிடித்தால் எரிந்து கரியாகும். பாலியஸ்டர் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், அந்தப் புண் ஆற நாளாகும். லேத் (சுழலும் கடைசல் இயந்திரம்) பக்கம் போகும்போது மடித்த கை தளர்ந்து தொங்கக் கூடாது, ஹூடியின் கயிறும் கூடாது. கயிற்றை உருவி எடுத்துவிடுங்கள். ஹூடியும் பார்க்க இன்னும் நன்றாக இருக்கும்.

பாலியஸ்டருக்கு இன்னொரு குறையும் உண்டு. வியர்வை நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துவைத்த பிறகும் போட்ட கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். மாலை வரை வகுப்பில் உட்காருகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வாங்கும்போது உள்தையலில் இருக்கும் சீட்டைப் புரட்டி எத்தனை சதவீதம் பருத்தி என்று பாருங்கள்.

எல்லோரும் வெள்ளை ஷூ வாங்கச் சொல்வார்கள். எங்களுக்கு அது ஒத்துவராது. எண்ணெய்க் கறை ஒரு பக்கம் இருக்கட்டும், புது ஜீன்ஸின் சாயமே அதில் ஏறும். இண்டிகோ சாயம் நூலின் மேற்பரப்பில்தான் நிற்கிறது, உள்ளே ஊறுவதில்லை. உரசினால் வந்துவிடும். நான் அடர் சாம்பல் நிறத்தில் சாதாரண ஷூ வைத்திருக்கிறேன், பட்டறைக்கும் சரி, மாலையில் வெளியே போவதற்கும் சரி. புது ஜீன்ஸை உள்வெளியாகத் திருப்பிக் குளிர்ந்த தண்ணீரில் தனியாகத் துவையுங்கள்.

---

நீலச்சட்டை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அரைத்தூக்கம் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. நான் அன்றைக்கு ஒவ்வொருவருக்கும் விளக்கம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஊசிநூல் அண்ணா, இரண்டு சந்தேகம். வாரக் கடைசியில் ஜீன்ஸைத் தைக்கக் கொடுக்கப் போகிறேன். அடியை வெட்டினால் அந்தத் தேய்ந்த கோடு போய்விடுமே, புதுத் தையல் தனியாகத் தெரியாதா? அப்புறம், காலை ஒடுக்கிக் குறுகலாக்கச் சொல்லலாமா, அகலமாகவே விடலாமா? ஒருத்தன் குறுகலாப் போடுடா என்கிறான், இன்னொருத்தன் இப்போது எல்லோரும் அகலம்தான் என்கிறான்.

---

ஊசிநூல்:

நல்ல கேள்வி தம்பி. பழைய அடிமடிப்பை வெட்டி எடுத்து, நீளத்தைக் குறைத்துவிட்டு, அதே மடிப்பைத் திரும்ப வைத்துத் தைக்கலாம். "ஒரிஜினல் மடிப்பு அப்படியே வேணும்" என்று கேளுங்கள், அவர்களுக்குப் புரியும். இணைத்த கோடு மடிப்புக்கு மேலே ஒட்டினாற்போல வரும், ஷூ போட்டு நின்றால் யார் கண்ணிலும் படாது. சாதாரண மடிப்பை விடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுக்கலாம். கால் ரொம்பக் குறுகிக்கொண்டே போகிற ஜீன்ஸாக இருந்தால் மட்டும் பழைய மடிப்பு அகலம் ஒத்துவராது. வெட்டுவதற்கு முன்னாலேயே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுப்பதற்கு முன் ஒரு தடவையாவது துவைத்துக் காய வையுங்கள். பருத்தி சுருங்கும். துவைக்காத பேன்ட்டை அளந்து வெட்டினால் அப்புறம் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். அளவு கொடுக்கும்போது தினமும் போடுகிற ஷூவையே போட்டுக்கொண்டு, இடுப்பில் எங்கே நிறுத்துவீர்களோ அங்கேயே நிறுத்தி, நேரே பார்த்து நில்லுங்கள். குனிந்து பார்த்தால் பின்பக்கம் ஏறி அளவு மாறிவிடும். முன்னால் ஷூவைத் தொட்டு ஒரு சின்ன வளைவு விழுந்தால் போதும்.

காலை ஒடுக்குவதைப் பற்றி: நண்பர்கள் இரண்டு பேர் சொல்வதையும் விட்டுவிடுங்கள். கால் அகலம் சில வருடங்களுக்கு ஒரு முறை மாறிக்கொண்டேதான் இருக்கிறது. முழங்காலிலிருந்து நேராக இறங்குகிற நடுத்தர அகலம் எந்தப் பக்கமும் அதிகமாகத் தெரியாது, உங்கள் ஒல்லிக் காலுக்கும் அதுதான் பொருந்தும். இப்போதே ரொம்பத் தொளதொளவென்று இருந்தால் உள்தொடைப் பக்கத் தையலில் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். ஜீன்ஸில் பெரும்பாலும் வெளிப்பக்கத் தையல்தான் ஒற்றைத் தையல், உள்பக்கம் இரட்டைத் தையல் மடிப்போடு இருக்கும். அதனால் சிலர் சுலபத்துக்காக வெளிப்பக்கமே பிடித்துவிடுவார்கள், அப்போது பக்கக் கோடு கோணலாகத் திரும்பிக்கொள்ளும். உள்ளே மிஞ்சுகிற துணியை ஓட்ட வெட்டிவிட வேண்டாம், முடிந்த அளவு விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். வெட்டிவிட்டால் அடுத்த வருடம் அகலமாக வேண்டும் என்று நீங்கள் வந்து நின்றாலும் பிரித்துக் கொடுக்கத் துணி இருக்காது.