லேப்டாப்பை மூடினால் சர்வரில் ஓடும் பைத்தான் நிரலும் நின்றுபோகிறது, என்ன செய்வது?

புதுக்கை:

வணக்கம். பைத்தான் கற்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபோல்டரில் இருக்கும் சிஎஸ்வி ஃபைல்களையெல்லாம் படித்து ஒரே ஃபைலாகச் சேர்க்கிற நிரல் எழுதியிருக்கிறேன். என் லேப்டாப்பில் சின்ன ஃபைல்களை வைத்துப் பார்த்தபோது ஒழுங்காக ஓடியது. உண்மையான ஃபைல்கள் ரொம்பப் பெரியவை, அதனால் ஒரு லினக்ஸ் சர்வரில் எஸ்எஸ்ஹெச் (நெட் வழியாக வேறொரு கணினிக்குள் நுழையும் முறை) வழியாக நுழைந்து அங்கே ஓட்டச் சொன்னார்கள். அங்கே போனதிலிருந்து ஒரே குழப்பம்.

பைத்தான் என்று அடித்தால் அப்படி ஒரு கமாண்டே இல்லை என்கிறது, பைத்தான்3 என்று அடித்தால் வருகிறது. ஆனால் ஃபைல்களைப் படிக்க நான் பயன்படுத்தும் பாண்டாஸ் மாட்யூல் அங்கே இல்லையாம். மாட்யூல்களை நிறுவும் பிப் கமாண்டைப் போட்டு நிறுவப் பார்த்தால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்கிற மாதிரி நீளமாக ஒரு பிழைச்செய்தி. நடுவில் நிரலை நானோ என்ற எடிட்டரில் திறந்து இரண்டு வரி சேர்த்தேன், உடனே டேப்எரர் என்ற பிழை வந்துவிட்டது, கண்ணுக்கு வரிகள் நேராகத்தான் தெரிகின்றன. எல்லாவற்றுக்கும் மேல், லேப்டாப்பை மூடிவிட்டு வந்து பார்த்தால் நிரல் பாதியிலேயே நின்றிருக்கிறது.

விம் என்ற எடிட்டரைக் கற்றுக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். திறந்தேன், வெளியே வரத் தெரியாமல் விண்டோவையே மூடிவிட்டேன். இப்போது அதே ஃபைலைத் திறந்தால் ஏதோ ஸ்வாப் ஃபைல் இருக்கிறது என்று பயமுறுத்துகிறது. எங்கிருந்து ஆரம்பிக்க?

கருப்புத்திரை:

முதலில் எது எந்தக் கணினியில் ஓடுகிறது என்பதைப் பிரித்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். நீங்கள் பார்க்கும் டெர்மினல் விண்டோ லேப்டாப்பில் இருக்கிறது. அதற்குள் தெரியும் ஷெல் (நீங்கள் அடிக்கும் கமாண்டை வாங்கி ஓட்டும் நிரல்), நானோ, விம், பைத்தான் எல்லாமே சர்வரில் ஓடுகின்றன. லேப்டாப்பில் நீங்கள் நிறுவிய பாண்டாஸுக்கும் சர்வருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

லேப்டாப்பை மூடினால் அது தூங்கப் போகிறது, எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்துவிடுகிறது. இணைப்பு போனது தெரிந்ததும் சர்வர் பக்கம் அந்த டெர்மினலைச் சேர்ந்த நிரல்களுக்கு ஹெச்யுபி என்ற சிக்னல் போகும். மோடம் வழியாக டெலிபோன் லைனில் வேலை செய்த காலத்து ஏற்பாடு அது, லைன் போய்விட்டது, ஆள் இல்லை, கிளம்பு என்று சொல்வதற்காக வைத்தது. சிக்னலை எப்படிக் கையாள்வது என்று நிரலில் நீங்கள் எதுவும் எழுதவில்லை என்றால் பைத்தானும் மறுபேச்சு இல்லாமல் நின்றுவிடும்.

இதற்கு டீமக்ஸ் பயன்படுத்துங்கள், இணைப்பு போனாலும் உங்கள் டெர்மினலை சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் கருவி அது. சர்வரில் நுழைந்ததும் டீமக்ஸ் என்று அடித்து அதற்குள் நிரலை ஓட்டுங்கள். பிறகு கன்ட்ரோலோடு பி-யை அழுத்தி, கையை எடுத்துவிட்டு, டி-யை மட்டும் தனியாக அழுத்தினால் வெளியே வந்துவிடலாம், உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். அப்புறம் எப்போது வேண்டுமானாலும் மறுபடி நுழைந்து டீமக்ஸ் அட்டாச் என்று அடித்தால் விட்ட இடம் அப்படியே இருக்கும். நெட் அடிக்கடி போகிறவர்கள் சர்வரில் நுழைந்தவுடன் டீமக்ஸைத் திறப்பதையே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

அந்த ஸ்வாப் ஃபைலும் இதே கதைதான். விண்டோவை மூடியபோது விம்முக்கும் அந்த சிக்னல் போயிருக்கும், அது போகிற போக்கில் உங்கள் மாற்றங்களை அந்த ஸ்வாப் ஃபைலில் பத்திரப்படுத்திவிட்டுப் போயிருக்கிறது. எச்சரிக்கை வரும்போது ஆர் அழுத்தினால் அவை திரும்பக் கிடைக்கும், சரிபார்த்துச் சேமித்துவிட்டு, மறுமுறை திறக்கும்போது டி அழுத்தி அந்த ஸ்வாப் ஃபைலை அழித்துவிடுங்கள். விம்மிலிருந்து எதையும் சேமிக்காமல் வெளியே வர எஸ்கேப், பிறகு முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர்.

நாலு_ஸ்பேஸ்:

டேப்எரர் பற்றி. லேப்டாப்பில் உங்கள் எடிட்டர் டேப் விசையை அழுத்தினாலும் நான்கு ஸ்பேஸ்களாக மாற்றி வைத்திருக்கும். நானோ தானாக அப்படிச் செய்யாது, நிஜமான டேப்பையே போடும். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம், ஆனால் ஒரே பிளாக்கில் இரண்டும் கலந்தால் பைத்தான் 3 ஏற்காது. பைத்தான் 2 இப்படிப்பட்ட கலப்பைச் சும்மா விட்டுவிடும், அதில் வந்த விநோதமான பிழைகளைப் பார்த்தால் இந்தக் கண்டிப்பே மேல் என்று தோன்றும். நானோவைத் திறக்கும்போது பெரிய எழுத்து ஈ என்ற ஆப்ஷனைச் சேர்த்துத் திறந்தால் இனிமேல் அடிக்கும் டேப் எல்லாம் ஸ்பேஸாக விழும். டேப் அளவு வழக்கமாக எட்டு, அதை நான்காக மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே விழுந்த டேப்பை நீங்கள்தான் அழித்து அடிக்க வேண்டும்.

பிப் பிழை: டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகிய லினக்ஸ் பதிப்புகள் முதல் சிஸ்டத்தின் பைத்தானுக்குள் பிப் நேரடியாக எழுத விடமாட்டார்கள், சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் அதை நம்பி ஓடுவதால். அந்தச் செய்தியின் அடியிலேயே தடையை உடைத்துப் போகும் ஆப்ஷன் ஒன்று காட்டியிருக்கும், அதைத் தொடாதீர்கள், பலர் சேர்ந்து பயன்படுத்தும் சர்வரில் நிச்சயம் வேண்டாம். உங்கள் ஃபோல்டருக்குள் வென்வ் (சிஸ்டத்தைத் தொடாத தனிப் பைத்தான் சூழல்) ஒன்று உருவாக்கி, அதற்குள் பாண்டாஸை நிறுவுங்கள். புது டெர்மினல் திறக்கும்போதெல்லாம் அதை ஆக்டிவேட் செய்ய வேண்டும், அல்லது வென்வுக்குள் பின் (bin) என்ற பெயருள்ள ஃபோல்டரில் இருக்கும் பைத்தானையே முழுப் பாதையோடு அழைத்தால் போதும்.

அது சரி, வெறுமனே ஃபைல்களை ஒன்றன் கீழ் ஒன்றாகச் சேர்ப்பதுதான் வேலை என்றால் பாண்டாஸே எதற்கு? அது வழக்கமாக முழு ஃபைலையும் மெமரியில் ஏற்றும். பைத்தானோடு கூடவே வரும் சிஎஸ்வி மாட்யூலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்து எழுதினால் எவ்வளவு பெரிய ஃபைலானாலும் மெமரி ஏறாது, நிறுவ வேண்டிய தலைவலியும் இல்லை. முதல் ஃபைலின் தலைப்பு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றில் அதைத் தவிர்க்க மறக்காதீர்கள்.

சுழியம்:

விம்மைத் திணிக்காதீர்கள் ஐயா, புதிதாக வந்தவர் மொழியைக் கற்பாரா எடிட்டரைக் கற்பாரா. விஎஸ் கோட் எடிட்டரில் ரிமோட் எஸ்எஸ்ஹெச் நீட்சியைப் போட்டால் சர்வரில் இருக்கும் ஃபைலையே லேப்டாப்பில் இருப்பது போலத் திருத்தலாம்.

கருப்புத்திரை:

செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் அது சர்வரிலும் தன் பங்குக்கு ஒரு துணை நிரலை நிறுவி ஓட்டும், மெமரி குறைந்த சர்வரில் அதுவே பாரமாகிவிடும். அதிலும் நீண்ட வேலையை அதன் டெர்மினலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அங்கேயும் டீமக்ஸ்தான். விம்மில் திறப்பது, திருத்துவது, சேமிப்பது, வெளியேறுவது மட்டும் தெரிந்தால் இப்போதைக்குப் போதும், வேறு எடிட்டரே இல்லாத சர்வரில் என்றைக்காவது மாட்டிக்கொள்ளும்போது உதவும்.

புதுக்கை:

நன்றி, சிஎஸ்வி மாட்யூலில் மாற்றி எழுதிவிட்டேன், ஓடுகிறது. அந்த சர்வரில் டீமக்ஸ் இல்லை, நிறுவ எனக்கு அனுமதியும் இல்லை, அதனால் தேடிப் பார்த்து அந்த ஹெச்யுபி சிக்னலைக் கண்டுகொள்ளாமல் ஓடவைக்கும் நோஹப் கமாண்டைப் போட்டு, பின்னணியில் ஓடுவதற்காகக் கடைசியில் ஆம்பர்சேண்ட் குறி சேர்த்து ஓட்டினேன். லேப்டாப்பை மூடினாலும் இப்போது நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஃபைல் முடிந்ததும் பிரின்ட் செய்யச் சொல்லியிருக்கிறேன், நோஹப் உருவாக்கிய அவுட்புட் ஃபைல் காலியாகவே இருக்கிறதே?

நாலு_ஸ்பேஸ்:

நிரலில் பிழை இல்லை. டெர்மினலுக்கு எழுதும்போது பைத்தான் வரிக்கு வரி வெளியே தள்ளும், ஃபைலுக்கு எழுதும்போது கொஞ்சம் சேர்த்துவைத்து மொத்தமாகத்தான் தள்ளும். பைத்தான்3-க்கும் உங்கள் ஃபைல் பெயருக்கும் நடுவில் சின்ன எழுத்து யூ ஆப்ஷனைப் போடுங்கள், அல்லது பிரின்டுக்குள் ஃப்ளஷ் ட்ரூ என்று கொடுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த வேண்டாம், முடியும்போது எல்லாம் சேர்ந்து வந்துவிடும். அடுத்த முறை ஓட்டும்போது மாற்றிக்கொள்ளலாம்.