மாநகராட்சி வார்டுக்குச் சுயேச்சையாக நிற்க நினைக்கும் கடைக்காரர் முதலில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

ஹார்டுவேர்_கோவை

வணக்கங்க. கோவை மாநகராட்சி வணிக வளாகத்தில் வாடகைக்கு ஹார்டுவேர், எலக்ட்ரிகல் கடை நடத்துகிறேன். வீடு நகர எல்லையைத் தாண்டி ஊராட்சிப் பகுதியில், ஓட்டும் அங்கேதான். 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த தேர்தலில் கடை இருக்கும் வார்டில் கட்சி சாராமல் நிற்கலாம் என்று இருக்கிறேன். மனு தள்ளுபடி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு செலவு செய்யலாம்? கடையையும் வேலையாட்களையும் பிரசாரத்துக்குப் பயன்படுத்தலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

வார்டு_வழிகாட்டி

முதலில் ஓட்டு இருக்கும் இடத்தைப் பாருங்க. மாமன்ற உறுப்பினராக நிற்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்த மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். எந்த வார்டில் இருந்தாலும் போதும். முன்மொழிபவர் மட்டும் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். உங்கள் ஓட்டு ஊராட்சியில் இருக்கும்வரை நகரத்தில் எந்த வார்டிலும் நிற்க முடியாது.

கடை முகவரியைக் கொடுத்து ஓட்டை மாற்றிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைச் செய்யாதீங்க. வாக்காளர் பட்டியலுக்கு வசிக்கும் இடம்தான் கணக்கு. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டுவரை சிறை உண்டு. உண்மையிலேயே நகருக்குள் குடிவந்து, வாடகை ஒப்பந்தமோ கேஸ் பில்லோ வைத்து, முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 கொடுங்கள். உள்ளாட்சிக்கான வார்டு பட்டியலைச் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் பிரித்து எடுப்பார்கள். அதனால் அங்கே மாறினால்தான் இங்கே மாறும். ஒரே தெரு இரண்டு வார்டாகப் பிரியும் இடங்களில் பெயர் பக்கத்து வார்டுக்குப் போய்விடுவது சாதாரணம். வார்டு பட்டியல் வெளியானதும் உங்கள் பெயரை மட்டுமில்லை, முன்மொழிபவரின் பாக எண் (பட்டியலில் எந்தப் பகுதி என்பது), வரிசை எண்ணையும் பாருங்க.

அடுத்தது பாக்கி. முந்தைய ஆண்டுவரை மாநகராட்சிக்குச் சேர வேண்டிய தொகைக்கு பில்லோ நோட்டீஸோ வந்து, கெடு தாண்டியும் கட்டாமல் இருந்தால் தகுதி போய்விடும். கடைக்காரர்கள் சொத்து வரியை ஞாபகம் வைத்திருப்பார்கள். தடுக்கி விழுவது வேறு இடங்களில்: அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் தொழில்வரி, வேலையாட்கள் சம்பளத்தில் பிடித்துக் கட்ட வேண்டிய தொழில்வரி, தொழில் உரிமக் கட்டணம், குடிநீர், பாதாளச் சாக்கடைக் கட்டணம். உங்களுக்கு வளாகக் கடை வாடகையும் சேரும். வாடகையை உயர்த்தியதை எதிர்த்துப் பழைய வாடகையையே கட்டிவந்தால், மீதித் தொகை பாக்கியாகவே ஏறிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ரசீது எடுத்து, நிலுவையில்லாச் சான்றையும் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனுத்தாக்கல் வாரத்தில் வரி கவுன்ட்டரில் நிற்பது பெரிய ஆபத்து.

ஏன் இப்போதே அவசரப்படுத்துகிறேன் என்றால், 2022இல் தேதிகள் இப்படி வந்தன: ஜனவரி 26 அறிவிப்பு, 28 முதல் பிப்ரவரி 4 வரை மனு, 5 பரிசீலனை, 7 வாபஸ் கடைசி, 19 வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை. மனுவுக்கு ஒரு வாரம்தான், நடுவில் ஒரு ஞாயிறும் போச்சு. அதற்குள் எதையும் புதிதாகச் சரிசெய்ய முடியாது.

வார்டு எந்தப் பிரிவுக்கு ஒதுக்கப்படுகிறது என்பதும் தேர்தலை ஒட்டித்தான் உறுதியாகும். தமிழ்நாட்டில் பாதி இடங்கள் பெண்களுக்கு. எல்லை மறுவரையறை வந்தால் வார்டு எண்ணே மாறலாம். அரசிதழில் வரும்வரை அச்சடிப்புக்கு ஒரு ரூபாயும் போடாதீங்க.

கணக்கு_நோட்டு

பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். 2022இல் மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 2,000. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வராவிட்டால் அது திரும்பாது. செலவு வரம்பு சென்னையில் 90,000, கோவை போன்ற மற்ற மாநகராட்சிகளில் 85,000. அடுத்த முறை மாறலாம், மாநிலத் தேர்தல் ஆணையத்தின் அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

கோவையில் 100 வார்டு, சுமார் 15 லட்சம் வாக்காளர்கள். ஒரு வார்டுக்குச் சராசரியாக 15,000 பேர். 85,000ஐப் பிரித்தால் ஒருவருக்கு ஆறு ரூபாய்கூட வராது. ஃபிளக்ஸும் ஆட்டோவும் அதைத் தின்றுவிடும். வீட்டுக்கு ஒரு பிட் நோட்டீஸ், சின்னம் கிடைத்த பிறகு ஒரு சுற்று, கடைசி இரண்டு நாளுக்கு பூத் சிலிப். பணத்தை இதில் போடுவதுதான் சுயேச்சைக்குப் பலன் தரும் என்பது என் தீர்மானமான கருத்து. சின்னம் வாபஸ் நாளில்தான் கையில் வரும், மூன்று விருப்பம் எழுதிக் கொடுத்தாலும் வேறு சுயேச்சை அதையே கேட்டால் குலுக்கல். அதனால் முதல் நோட்டீஸ் பெயரையும் முகத்தையும் மட்டும் தாங்கட்டும். அச்சகத்தின் பெயர், முகவரி இல்லாத நோட்டீஸ் விதிமீறல்.

கடை விஷயம். உங்கள் டெம்போவில் கொடி கட்டினால் அனுமதியும் வேண்டும், அதன் வாடகை மதிப்பு செலவுக் கணக்கிலும் ஏறும். சொந்த வண்டி, செலவில்லை என்று எழுத முடியாது. வேலை நேரத்தில் ஆட்களை நோட்டீஸ் கொடுக்க அனுப்பினால் அந்த நாள் சம்பளமும் அப்படியே. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது வார்டு மக்களுக்குத் தனித் தள்ளுபடி, கடன் நோட்டில் பாக்கியைக் கழிப்பது, வேட்பாளர் படம் போட்ட காலண்டர் எல்லாம் லஞ்சமாகவே பார்க்கப்படும்.

மனுவோடு தரும் சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரத்தில் வியாபாரிகள் கோட்டை விடுவது கடன் பகுதியில். வங்கியில் சி.சி. கணக்கு (வியாபாரத்துக்கான கேஷ் கிரெடிட்) இருந்தால் அது கடன். கூட்டுத் தொழிலானால் உங்கள் மூலதனப் பங்கு சொத்து. மனைவி, சார்ந்திருப்போர் விவரமும் வேண்டும். பொருந்தாத இடத்தில் கோடு போடாமல் ‘இல்லை’ என்று எழுதுங்கள். வெற்றிடம் விட்டால் பரிசீலனையில் எதிராளிக்கு நீங்களே வாய்ப்புக் கொடுத்தது போல. முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்களுக்கும் இது உண்டு. தவறினால் மூன்றாண்டு போட்டியிடத் தடை.

ஹார்டுவேர்_கோவை

ரொம்ப நன்றிங்க இரண்டு பேருக்கும். இன்னொன்று: மாநகராட்சி வேலை எடுக்கும் கான்ட்ராக்டர்களுக்கு பைப், ஃபிட்டிங்ஸ் கொடுக்கிறேன். மாநகராட்சியோடு ஒப்பந்தம் வைத்திருப்பவர் நிற்க முடியாது என்கிறார்களே, இது அந்த ஒப்பந்தத்தில் சேருமா? மாநகராட்சிக் கடையை வாடகைக்கு வைத்திருப்பது?

வார்டு_வழிகாட்டி

கான்ட்ராக்டர் பெயரில் பில் போட்டு, அவரிடமே பணம் வாங்கும் சாதாரண விற்பனை உங்களுக்கும் மாநகராட்சிக்கும் இடையிலான ஒப்பந்தம் இல்லை. அந்த வேலையின் லாபத்தில் பங்கோ, கூட்டாளி உரிமையோ இருந்தால் கதை வேறு. மாநகராட்சி பெயருக்கே கொட்டேஷன் கொடுத்து சப்ளை செய்திருந்தால், அதை முடித்து, பாக்கி பில் எதுவும் நிற்காமல் கணக்கைத் தீர்த்த பிறகே மனு போடுங்கள். வென்ற பிறகும் இந்தத் தடை தொடரும். பதவியில் இருக்கும்போது அப்படி ஒப்பந்தம் எடுத்தால் பதவி போகும்.

வளாகக் கடைக்கு: அசையாச் சொத்துக் குத்தகைக்கு உள்ளாட்சிச் சட்டங்களில் விலக்கு இருந்து வந்திருக்கிறது. இப்போது நடைமுறையில் இருப்பது நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. அதன் தகுதியிழப்புப் பிரிவை வாடகை உத்தரவோடு சேர்த்து ஒரு வக்கீலிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது. நடைமுறையில் வாடகை பாக்கிதான் பெரிய கண்ணி.

பூத்_ஏஜென்ட்

எண்களையும் தெரிந்துகொண்டு இறங்குங்க. 2022இல் கோவையின் 100 வார்டில் திமுக கூட்டணி 96, அதிமுக 3, எஸ்டிபிஐ 1. சுயேச்சை ஒருவரும் இல்லை. கடைக்கு வரும் ஆட்கள் எல்லாரும் அந்த வார்டு வாக்காளர்கள் இல்லை என்பதும் கணக்கில் வரட்டும். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்து, தெரு தெருவாக உங்களைப் பெயர் சொல்லி அறிந்த வீடுகளை இப்போதே குறியுங்கள். எந்த பாகத்தில் குறி குறைவோ அங்கே முதலில் நடங்கள்.

ஒவ்வொரு பூத்துக்கும் ஓர் ஏஜென்ட், மாற்றாக இன்னொருவர் வேண்டும். கட்சிக்காரர்களுக்கு ஆள் இருக்கும், சுயேச்சைக்கு இதுதான் கடினம். காலை ஏழு மணி வாக்குப்பதிவுக்கு முன்பே நடக்கும் மாதிரி வாக்குப்பதிவுக்கு அவர் இருக்க வேண்டும். அதன் ஓட்டுகளை அழித்துக் கணக்கு பூஜ்யம் ஆனதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இயந்திரத்தின் எண், முத்திரை எண்களை எழுதிக்கொள்ளட்டும். முடிந்ததும் பதிவான வாக்குகளின் கணக்கை வாக்குச்சாவடித் தலைவரிடம் நகலாகக் கேட்டு வாங்க வேண்டும். எண்ணும் மேசையில் மொத்தம் இடித்தால், அந்தத் தாளை வைத்துத்தான் அங்கேயே ஆட்சேபம் எழுதிக் கொடுக்க முடியும்.