எட்டாவது முடிச்ச பையன் டவுன் பள்ளிக்கூடத்துல ஒன்பதாவது சேரப்போறான் – பெத்தவங்க என்னென்ன கவனிக்கோணும்?

கேள்வி: தறிக்காரம்மா, வெள்ளகோவில் பக்கம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. பையன் ஊருக்குள்ள இருக்கிற ஒன்றிய நடுநிலைப் பள்ளியில எட்டாவது முடிச்சிருக்கான். ஜூன்ல டவுன் அரசு மேல்நிலைப் பள்ளியில சேர்க்கோணும். இங்க வகுப்புக்கே பதினஞ்சு இருபது புள்ளைங்கதான். அங்க ஒரு பிரிவுலயே அம்பது பேருக்கு மேல இருப்பாங்களாம். பஸ்ல அரை மணி நேரம் போகோணும்.

நானும் அவங்கப்பாவும் தறிக்குப் போறோம், ஷிஃப்ட் மாறி மாறி வரும். ரெண்டு பேருக்குமே பாடம் சொல்லிக் குடுக்கிற அளவு படிப்பில்லை. என்.எம்.எம்.எஸ். பரீட்சையில (எட்டாவதுல எழுதற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு) தேர்வாகியிருக்கான். மனக்கணக்கு நல்லா போடுவான், ஆனா எக்ஸ், ஒய் வந்தா நின்னு போயிடுறான். ஒறம்பரையெல்லாம் கடனை வாங்கியாவது நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல போட்டுடுங்கங்கிறாங்க. செல்போன் வேற கேக்கறான். எங்க மாதிரி ஆளுங்க எதை எதைக் கவனிக்கோணும், சொல்லுங்க.

பதில் 1: பள்ளி அலுவலகம், காங்கேயம்

முதல்ல ஹாஸ்டல் பள்ளி விஷயம், அதுலதான் பெரிய நட்டம் ஒளிஞ்சிருக்கு. என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் வருசத்துக்கு 12,000 ரூபா. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளியில படிக்கிறவங்களுக்கு மட்டும்தான் அது. ஒன்பதாவதுல தனியார் சுயநிதிப் பள்ளிக்குப் போனா அந்த நாலு வருசப் பணம் போச்சு. அதைவிடப் பெரிசு, அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்குக் காலேஜ் சீட்டுல தர்ற 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-லயும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் மாதிரி படிப்புகளுக்கு 2021-லயும் வந்துச்சு. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரை அரசுப் பள்ளியிலயே படிச்சிருக்கோணும். நடுவுல ரெண்டு வருசம் தனியாருக்குப் போயிட்டுத் திரும்பி வந்தாலும் சங்கிலி அறுந்துடும். காலேஜ் போனதும் மாசம் 1,000 ரூபா குடுக்கிற தமிழ்ப் புதல்வன் திட்டமும் தனியார் பள்ளிப் புள்ளைக்குக் கிடைக்காது. ஒறம்பரை சொல்றதுல இந்தக் கணக்கு எதுவும் இருக்காதுங்க.

இப்ப காகிதம். டி.சி. வாங்கறப்பவே எமிஸ் எண் (கல்வித்துறை கம்ப்யூட்டர் பதிவுல ஒவ்வொரு புள்ளைக்கும் இருக்கிற எண்) சரியா இருக்கான்னு பாருங்க. பழைய பள்ளி எமிஸ்ல இருந்து பேரை விடுவிச்சாத்தான் புதுப் பள்ளி ஏத்த முடியும். இதுல தாமதமானா பஸ் பாஸ்ல இருந்து உதவித்தொகை வரைக்கும் எல்லாமே தள்ளிப்போகும். பேர், இனிசியல், பொறந்த தேதி மூணும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கோணும். தமிழ் எழுத்து, இங்கிலீஷ் எழுத்து ரெண்டையும் பாருங்க. பத்தாவது மார்க் ஷீட்டுல ஏறப்போறது அந்தப் பேர்தான். ஒன்பதாவதுல திருத்தணும்னா தலைமையாசிரியர்கிட்ட மனு எழுதிக் குடுத்தா வேலை ஆகும். மார்க் ஷீட் அச்சான பின்னால திருத்தறது பெரிய அலைச்சல்.

என்.எம்.எம்.எஸ்.ல தேர்வானா பணம் தானா வந்துடாது. ஒன்பதாவது சேர்ந்ததும் தேசிய உதவித்தொகை இணையதளத்துல புதுசாப் பதியோணும், பள்ளி அதைச் சரிபார்த்து அனுப்போணும். முதல் வருசமே பதியாம விட்டு இழந்த குடும்பம் நிறைய. பேங்க் கணக்கு பையன் பேர்ல இருக்கோணும். ஆதாரைக் கணக்குல சேர்த்தா மட்டும் போதாது, அரசு மானியம் வர்ற மாதிரி மேப் பண்ணியாச்சான்னு பேங்க்ல வாயைத் திறந்து கேளுங்க. பணம் திரும்பிப் போறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்கோணும். ஒன்பதாவதை முதல் தடவையிலயே பாஸ் பண்ணியிருக்கோணும். பத்தாவதுல 60 சதவீதம் வாங்கினாத்தான் பதினொண்ணாவதுல தொடரும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 55.

ஒன்பதாவது புள்ளைங்களுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வுன்னு ஒண்ணு இருக்கு. மாவட்டத்துக்கு 50 பையன், 50 பொண்ணு எடுப்பாங்க. குடும்ப வருமானம் வருசம் 1 லட்சத்துக்குள்ள இருக்கோணும். பன்னெண்டாவது வரை வருசம் 1,000 ரூபா. ஆனா நகராட்சிக்குள்ள இருக்கிற பள்ளிப் புள்ளைங்க எழுத முடியாது. வெள்ளகோவில், காங்கேயம் நகராட்சி. முத்தூர், மூலனூர் பேரூராட்சி, அங்க படிச்சா எழுதலாம்.

இன்னொண்ணு, இலவசச் சீருடை எட்டாவதோட நின்னுபோகும். அந்தச் செலவை இப்பவே ஒதுக்கி வைங்க. இந்த வயசுல பசங்க சடார்னு வளருவாங்க, பேண்ட் கால்ல ரெண்டு அங்குலம் உள்ள மடிச்சுத் தைக்கச் சொல்லுங்க.

பதில் 2: கணக்கு டீச்சர், தாராபுரம்

அம்மிணி, பாடம் சொல்லிக் குடுக்கத் தெரியலைன்னு வருத்தப்படாதீங்க. ஒன்பதாவதுல புள்ளை சறுக்கறது ஜூன்ல இருந்து காலாண்டுத் தேர்வு வரைக்கும்தான். அந்த மூணு மாசம் வீட்டுல யாராவது கவனிக்கறாங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சாலே பாதி சரியாயிடும். எட்டு வரைக்கும் எல்லாரும் பாஸ், ஒன்பதுல அப்படியில்ல. அதை மிரட்டலாச் சொல்லாம, தகவலாச் சொல்லி வைங்க.

எக்ஸ், ஒய்ல நிக்கறான்னா ஓட்டை பெரும்பாலும் கீழ் வகுப்புல இருக்கும். லீவுலயே இந்த அஞ்சைப் போடச் சொல்லுங்க. விடை நானே தர்றேன், நீங்க ஒப்பிட்டுப் பார்த்தாப் போதும்.

624 ÷ 16 = 39
7/8 − 2/3 = 5/24
(−8) − (−5) = −3
240-ல் 15 சதவீதம் = 36
3(x − 4) − 2(x − 1) = x − 10

முதல் கணக்கு தப்பினா வாய்ப்பாடும் வகுத்தலும் இன்னும் பழகலை. ரெண்டாவதுல 5/5-னோ 1-னோ எழுதியிருந்தா மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தனித்தனியாக் கழிச்சிருக்கான், பின்னம் புரியலை. மூணாவதுல −13 வந்தா குறி மாத்தத் தெரியலை. கடைசிக் கணக்குல நிறையப் பேர் x − 14 எழுதுவாங்க. −2-ஐ அடைப்புக்குள்ள இருக்கிற −1-ஓட பெருக்கறப்ப +2 வரும்கிறதை விட்டுடறாங்க. ஒன்பதாவது புஸ்தகத்துல மெய்யெண்கள், இயற்கணிதம் ரெண்டும் ரெண்டாவது, மூணாவது பாடமாவே வந்துடும். மேல சொன்ன ஓட்டையோட அங்க போனா கரும்பலகையைப் பார்த்துக் காப்பி அடிக்கிற பழக்கம்தான் வரும்.

எது தப்போ, அதுக்கு ஆறாவது, ஏழாவது புஸ்தகத்தை எடுத்து தினம் இருபது நிமிசம், பத்துக் கணக்கு. பழைய புஸ்தகம் இல்லைன்னா பாடநூல் கழகத்து இணையதளத்துல இலவசமா இறக்கிக்கலாம். ஒரே நாள்ல அம்பது போடவைக்காதீங்க, ரெண்டு நாள்ல வெறுத்துடுவான். டியூசன் காலாண்டு மார்க் பார்த்துட்டு முடிவு பண்ணலாம். பஸ்ல போய் வந்து களைச்ச புள்ளையை முதல் வாரமே டியூசன்ல உட்கார வெச்சா தூக்கம்தான் குறையும்.

ஞாயித்துக்கிழமை நோட்டெல்லாம் எடுத்து வரச் சொல்லுங்க. பாடம் தெரிய வேண்டியதில்லை. தேதி விட்டுப் போயிருக்கா, பாதியில நிக்கிற கணக்கு இருக்கா, சிவப்பு மையில திருத்தினதை மறுபடி எழுதியிருக்கானா, இதை மட்டும் பாருங்க. ஒரே பாட நோட்டு தொடர்ந்து ரெண்டு வாரம் காலியா இருந்தா அந்த வகுப்புல ஏதோ பிரச்சினை. பள்ளி தொறந்து மூணாவது வாரம் உங்கள்ல ஒருத்தர் அரை நாள் லீவு போட்டு வகுப்பாசிரியரைப் பாருங்க. "நல்லா படிக்கறானா?"ன்னு கேட்டா "படிக்கறான்"னுதான் பதில் வரும். எந்த வரிசையில உட்காரறான், சந்தேகம் கேக்கறானா, மத்தியானம் யாரோட சாப்பிடறான்னு கேளுங்க. அம்பது பேர்ல உங்க பையன் முகம் அவர் மனசுல பதியறதும் அன்னைக்குத்தான்.

சேர்க்கறப்ப தமிழ் வழியா, ஆங்கில வழியான்னு கேப்பாங்க. இதுவரை தமிழ் வழின்னா ஒன்பதுல மாத்தாதீங்க. அறிவியல் சொல்லெல்லாம் ஒரே சமயத்துல புதுசாகும். ஒண்ணாவதுல இருந்து தமிழ் வழியில படிச்சவங்களுக்கு மாநில அரசு வேலையில 20 சதவீதம் முன்னுரிமை வேற இருக்கு.

பதில் 3: செவிலியர், ஊத்துக்குளி

இந்த வயசுக்கு எட்டுல இருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேணும். பருவ வயசுல உடம்புக் கடிகாரமே ராத்திரி தள்ளித்தான் தூக்கம் வர வைக்கும், அதைச் சோம்பேறித்தனம்னு திட்டாதீங்க. காலையில ஆறு மணிக்கு எந்திரிக்கோணும்னா பத்துக்குள்ள விளக்கை அணைக்கோணும். தறிச் சத்தம் பக்கத்துல கேக்குதுன்னா படுக்கை தள்ளி இருக்கிற அறையில போடுங்க.

காலைச் சாப்பாடு இல்லாம அனுப்பாதீங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து செய்யறதுக்கு அரிசிம்பருப்புஞ் சாதம் குக்கர்ல வெச்சா பஸ்ஸுக்கு முன்னால ஆயிடும். சத்துணவு பத்தாவது வரைக்கும் உண்டு. ஆனா பெரிய பள்ளியில வரிசையில நிக்கக் கூச்சப்பட்டு பட்டினி கிடக்கிற பசங்க இருக்காங்க. முதல் ரெண்டு வாரம் டப்பாவுல கட்டிக் குடுங்க, சேக்காளி கிடைச்சதும் தானாப் போய் வாங்குவான். பள்ளியில வாரம் ஒருதரம் குடுக்கிற நீலக்கலர் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறியாம முழுங்கச் சொல்லுங்க. சாப்பிட்ட பின்னால போடோணும், டீயோட வேண்டாம். வெளிக்குப் போறது கருப்பா வந்தா பயப்பட வேண்டியதில்லை.

கண்ணையும் பாருங்க. பின் வரிசையில உட்கார்ந்து எழுத்து தெரியாம கணக்குல பின்தங்கற புள்ளைங்க உண்டு. ஒரு கண்ணை மூடி, தூரத்துல இருக்கிற பஸ் போர்டைப் படிக்கச் சொல்லுங்க, அப்புறம் மத்த கண்ணை. பக்கத்து வீட்டுப் பையன் படிக்கிறதை இவன் படிக்க முடியலைன்னா கண் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க. கண்ணொளி காப்போம் திட்டத்துல கண்ணாடி இலவசமாவே தர்றாங்க.

செல்போனுக்கு என் யோசனை: பட்டன் போன் ஒண்ணு வாங்கிக் குடுங்க, பஸ் தவறினா கூப்பிட அது போதும். வகுப்பு வாட்ஸ்அப் குரூப் உங்க போன்ல இருக்கட்டும். நைட் ஷிஃப்ட் போறப்ப பெரிய போனை வீட்டுல வெச்சுட்டுப் போகாதீங்க.

கேட்டவர்: தறிக்காரம்மா

ரொம்ப நன்றிங்க. அஞ்சு கணக்கையும் குடுத்தேன், ரெண்டாவதும் கடைசியும் தப்பு, நீங்க சொன்ன மாதிரியே x − 14 எழுதியிருக்கான். இன்னொண்ணு கேக்கோணும். லீவுல திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்க (தைக்கறவங்களுக்குத் துணி மடிச்சுக் குடுக்கிற வேலைக்கு) அனுப்பச் சொல்லி அவங்க மாமன் கேக்கறாரு. சீருடைச் செலவுக்காச்சு ஆகும்னு பாக்கறேன்.

பதில் 4: கணக்கு டீச்சர், தாராபுரம்

வேண்டாம் அம்மிணி. 14 வயசு முடியாத புள்ளையைக் கம்பெனி வேலைக்கு வெக்கறது சட்டப்படி குத்தம். வயசு முடிஞ்சிருந்தாலும் இந்த லீவு வேண்டாம். சனிக்கிழமை கையில வாரச் சம்பளம் வாங்கிப் பழகின பையனுக்கு, ஜூன்ல புதுப் பள்ளியில முகம் தெரியாத அம்பது பேருக்கு நடுவுல உட்கார மனசு வராது. காலாண்டுல மார்க் குறைஞ்சா நேரா மாமன்கிட்டத்தான் போவான். சீருடைக்குக் கையைக் கடிச்சா தலைமையாசிரியர்கிட்ட சொல்லுங்க, முன்னாள் மாணவர்கள் மூலமா ஏற்பாடு பண்ற பள்ளிகள் உண்டு.

லீவுல பின்னமும் அடைப்புக்குறியும் மட்டும் போட்டாப் போதும். பள்ளி தொறக்கறதுக்கு முன்னால ஒரு நாள் அவனை பஸ்ல கூட்டிட்டுப் போய், எந்த நிறுத்தத்துல இறங்கோணும், சாயங்காலம் எந்த பஸ், அது தவறினா அடுத்தது எப்பன்னு அவனையே கண்டக்டர்கிட்ட கேட்டு எழுதிக்கச் சொல்லுங்க. சேர்ந்த பின்னால தொடர்ந்து பள்ளிக்குப் போகமாட்டேன்னு நின்னாலோ, யாராவது அடிக்கறாங்க, கேலி பண்றாங்கன்னாலோ முதல்ல வகுப்பாசிரியர். அங்க பேச முடியலைன்னா கல்வித்துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. ரெண்டையும் அந்தப் பட்டன் போன்ல பதிஞ்சு வெச்சுக் குடுங்க.