நல்ல சாவு, கேவலமான சாவு: நீங்கள் கிட்டே இருந்து பார்த்தது எது?

மொட்டைமாடி:
நானே ஆரம்பிக்கிறேன். தாத்தாவுக்கு 91 வயது. ஒரு மார்ச் மாத ராத்திரி மூன்று தோசை சாப்பிட்டார், சர்க்கரை வியாதிக்காரர் நாலாவது தோசைக்குச் சீனி கேட்டார், பாட்டி திட்டினாள், "போடி" என்று சொல்லிவிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. கல்யாணச் சாவு என்று ஊரே சொன்னது. மேளம், வெடி, பேரப்பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தம். பெரியப்பா ஒருத்தர் "எனக்கும் இப்படியே வரணும்" என்று பிரீசர் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, புரோகிதர் பஞ்சாங்கத்தைப் பிரிக்கிற வரைக்கும்.

சதய நட்சத்திரம். அவிட்டத்திலிருந்து ரேவதி வரை ஐந்து நட்சத்திரத்தில் யார் போனாலும் அடைப்பு, அதாவது தனிஷ்டா பஞ்சமி. உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டி வாசலில் விளக்கு வையுங்கள் என்றார். வீட்டில் ஏசி இருந்த ஒரே அறை அது. கத்திரி வெயில் முழுக்கப் பதினோரு பேர் ஹாலில் ஒரே ஃபேனுக்குக் கீழே கிடந்தோம். தங்கையின் மார்க் ஷீட் வேறு உள்ளே பீரோவில். நாலே நாள் தள்ளிப் போயிருந்தால் அசுவினி, ஒரு தொந்தரவும் இல்லை. அத்தைக்குத்தான் ஆறவே இல்லை: "பீஷ்மர் அம்பு மேல படுத்துக்கிட்டு உத்தராயணம் வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தாரு, இவருக்கு இலவம்பஞ்சு மெத்தையில நாலு நாள் முடியலையா?"

நைட்ஷிப்ட்:
செத்தவர் கதை இல்லை, சாகப் பார்த்த கதை. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ராத்திரி பஸ். ஏறும் முன் புத்திசாலித்தனமாக இரண்டு இளநீர் குடித்திருந்தேன். விழுப்புரம் தாண்டியதும் அடிவயிறு பேச ஆரம்பித்தது. மோட்டலில்தான் நிற்கும் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். கவனத்தைத் திருப்பலாம் என்று போனை எடுத்தால், என் நேரம், டைக்கோ பிராகே பற்றிய கட்டுரை. தொலைநோக்கி வருவதற்கு முன்பே வெறுங்கண்ணால் வானத்தை அளந்த டென்மார்க்காரர். 1601இல் பிராக் நகரில் ஒரு விருந்து, பாதியில் எழுந்தால் மரியாதைக் குறைவு என்று அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார், அப்புறம் சிறுநீர் சரியாகப் பிரியவே இல்லை, பதினோராம் நாள் போய்விட்டார். பாதரச விஷமாக இருக்குமோ என்று 2010இல் கல்லறையைத் தோண்டி எடுத்துச் சோதித்தார்கள், ஆளைக் கொல்லுமளவு பாதரசம் இல்லை. ஆக, மரியாதைதான் கொன்றிருக்கிறது.

எனக்கு அந்த மரியாதை வேண்டாம் என்று முன்னால் ஓடினேன். "அண்ணே, இப்படி அடக்கி ஒருத்தர் செத்தே போயிட்டாருண்ணே." கண்டக்டர் பதறிப்போய் எழுந்துவிட்டார்: "எந்த பஸ்ல?"

வண்டி நின்றது. என்னோடு இறங்கியவர்கள் இருபது பேர். எல்லோரும் பிராகேக்கள்தான் போல.

ஓலைச்சுவடி:
தூக்கத்தில் போவது பெரிய பாக்கியம் என்பதெல்லாம் நேற்று வந்த பேச்சு. புறநானூறு 93ஆம் பாட்டில் ஔவையார் சொல்வதைப் பாருங்கள், போரில் விழாமல் நோயில் செத்த அரசனைப் புல்லில் கிடத்தி வாளால் கீறுவார்களாம், அப்போதுதான் வீரர் போகும் உலகம் கிடைக்குமாம். 74ஆம் பாட்டில் செத்துப் பிறந்த குழந்தைக்கும் அதே வாள்தான். மொட்டைமாடியின் தாத்தா அந்தக் காலத்து ராஜாவாக இருந்திருந்தால் மூன்று தோசைக்கு அப்புறம் ஒரு வெட்டு நிச்சயம்.

அந்த 74ஐப் பாடிய சேரமான் கணைக்கால் இரும்பொறை கதை இன்னும் மோசம். சோழன் செங்கணானிடம் தோற்று, குடவாயில் கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்டு, காவலர்கள் உடனே தராமல் லேட்டாகக் கொண்டுவந்து கொடுத்ததால் அதைக் குடிக்காமலே உயிரை விட்டார் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. வாரம் ஒரு தடவை தண்ணீர் லாரி வரும் தெருவில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

வெள்ளைச்சீருடை:
நான் நர்ஸ். வார்டில் பார்த்ததைச் சொன்னால் சிரிப்பு வராது, அதனால் எங்கள் தெருக் கதை. ஒரு பெரியவருக்கு ஒரு வாரமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. பால் ஊற்றினார்கள், போகவில்லை. மண்ணாசை இருக்கும் என்று வயல் மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள். பொன்னாசையோ என்று பெரிய மருமகன் தன் மோதிரத்தையே உரசி ஊற்றினார். பெரியவர் கண்ணைத் திறந்து காபி கேட்டார். அப்புறம் நாலு வருஷம் இருந்தார். நடுவில் மருமகன் போய்ச் சேர, கருமாதிப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் வாங்கினார். ருசியாக இருந்ததாம்.

ஈரக்கை:
மோட்டார் சுவிட்ச், ஈரக் கை, அவ்வளவுதான். துளசி மாடத்தில் போய் விழுந்தேன். வாழ்க்கையெல்லாம் படமாக ஓடும் என்பார்களே, எனக்கு ஓடியது ஒரே படம், ஆதார் அட்டையில் இருப்பது. நான் தனியாக இருக்கிற போட்டோ அது ஒன்றுதான், மற்றதெல்லாம் கல்யாணத்தில் கும்பலாக எடுத்தது. கண்ணீர் அஞ்சலி பிளக்ஸில் செத்தவர் தோளில் யாரோ ஒருத்தர் கை மட்டும் இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கைக்குப் பயந்தே பிழைத்தேன் என்று நினைக்கிறேன்.

மறுநாளே ஸ்டுடியோ போனேன். பாஸ்போர்ட்டா, விசாவா என்றார். உண்மையைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப லேசா சிரிங்க சார், முறைச்சா கடன் கேக்க வந்த மாதிரி இருக்கும்."

மொட்டைமாடி:
எல்லாருக்கும் நன்றி. மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் கழித்து ஐயரை வைத்துப் பூட்டைத் திறந்தோம். தங்கை மார்க் ஷீட்டுக்கு ஓடினாள், நான் ஏசி ரிமோட்டுக்கு. பாட்டி மட்டும் வாசலிலேயே நின்று தரையைப் பார்த்தாள். கட்டிலுக்குக் கீழே எறும்பு வரிசை. குனிந்து இழுத்தால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், பாதிக்கு மேல் சீனி, உள்ளேயே ஒரு ஸ்பூன்.

"திருட்டுக் கிழம்" என்று மூடியைத் திருகி மூடினாள். அந்தப் பாட்டிலை இன்னும் யாரையும் தொடவிடவில்லை.